மாமாவுக்கு வைத்த பல்

பல் வைத்தியத்தில் மட்டும் யாரும் சாவதில்லை. உலகத்தில் எத்தனையோ தொழில் இருக்க, இருபத்திரண்டு வயதில் நான் இந்தத் தொழிலைப் போய்ப் பிடித்துக்கொண்டதற்கு இந்த ஒரு காரணம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

சமீபத்தில் என் பேத்தியும் இதையேதான் சொன்னாள். "பல் டாக்டருக்குப் படிக்கப் போறேன் தாத்தா. அதுலதான் யாரும் சாவ மாட்டாங்க." அடுப்பங்கரையில் இருந்த என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பேத்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். (பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையோடு நான் இரண்டு தடவை மோதினேன். இரண்டு தடவையும் அதுதான் ஜெயித்தது.)

பல்லுக்கு முன்னால் நான் உத்திரமேரூரில் ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கும் வேலையில் இருந்தேன். ஒரு நாள் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தை ஒன்றைக் கட்டைவண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். டாக்டர் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் பெஞ்சின் மேலேயே அது போய்விட்டது. அதைப் பெற்றவனால் தூக்க முடியவில்லை. நான்தான் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் கிடத்தினேன். எடையே இல்லை. அந்த எடையில்லாததை என்னால் கையிலிருந்து இறக்கவே முடியவில்லை. சோறு பிசையும்போதெல்லாம் அது கையில் இருந்தது.

நேராக முருகன் கோயிலுக்குப் போனேன். "அப்பனே, சாவு இல்லாத வேலையாக ஒன்று காட்டு" என்று கேட்டேன். சுற்றி வந்து கும்பிட்டுவிட்டு வெளியே கடைவீதிக்கு வந்தால், எதிரே ஒரு போர்டில் ஆள் இல்லாமல் பல் வரிசை மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. பல் டாக்டர் கிருபாகரனின் போர்டு. கேட்ட உடனே காட்டிவிட்டாரே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கிருபாகரனுக்கு 'டாக்டர்' என்பது ஊர் கொடுத்த பட்டம். மதராசில் ஒரு பல் கட்டும் கடையில் பல வருஷம் இருந்து கற்றுக்கொண்டு வந்தவர். பல் பிடுங்குவார், அடைப்பார், வாயில் அச்சு எடுத்துப் பல் செட் கட்டித் தருவார். அவரிடம் சேர்ந்த பிறகுதான் அந்தத் தொழிலின் அழகெல்லாம் எனக்குத் தெரிந்தது. வெள்ளைக் கோட்டு, கிராம்புத் தைல வாசனை. ஊரில் நம்மை நிற்கவைத்துப் பேசுகிற பெரிய மனிதர்கள் இங்கே மல்லாந்து படுத்து வாயைத் திறந்துகொண்டு கிடப்பார்கள். என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேச முடியாது. அழுதுகொண்டு வருகிறவர்கள் கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு, கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். ராத்திரியில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. முக்கியமாக, பெஞ்சில் படுத்தவர்கள் எல்லோரும் எழுந்து நடந்து போனார்கள்.

என் வேலை வெந்நீர் வைப்பது, விளக்குப் பிடிப்பது, பல்லைப் பிடுங்கும்போது நோயாளி டாக்டரை அடித்துவிடாமல் அவர் கையைப் பிடித்துக்கொள்வது. (எங்கள் ஊரில் மட்டும், "டாக்டருக்கு அடுத்தது நான்தான்" என்று சொல்லி வைத்திருந்தேன். பொய் இல்லை. அங்கே இருந்ததே இரண்டு பேர்.)

என் அம்மாவின் அண்ணன், எனக்கு மாமா, சாலவாக்கம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பயிர் வைத்துக்கொண்டிருந்தார். புகையிலை போட்டுப் போட்டுப் பல் எல்லாம் கொட்டிவிட்டது. எனக்கு நினைவு தெரிந்த நாளாக அவருக்கு முன்பல் கிடையாது. கன்னம் இரண்டும் உள்ளே போய், முகம் காற்று இறங்கிய பந்து மாதிரி இருக்கும். அவர் மகன் முருகேசன் பட்டாளத்தில் இருந்தான். அவன்தான் பணம் அனுப்பி, "நைனா, பல் செட் கட்டிக்கோ. நான் லீவுல வரும்போது நீ கடலை மிட்டாய் கடிச்சித் துண்றத நான் பாக்கணும்" என்று எழுதியிருந்தான். மாமாவைக் கூட்டிக்கொண்டுபோய்க் கிருபாகரனின் நாற்காலியில் உட்காரவைத்த பெருமை என்னுடையது. அச்சு எடுத்தாயிற்று, செட்டும் தயாராகிவிட்டது. முருகேசன் ஒரு புதன்கிழமை சாயங்கால பஸ்ஸில் வருகிறான். அன்று காலையில் மாமா உத்திரமேரூருக்கு வந்து பல்லை மாட்டிக்கொண்டு போகவேண்டும். மகன் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அப்பன் பல்லோடு நிற்கவேண்டும். ஏற்பாடு அதுதான்.

அன்று கிருத்திகை. நான் விரதம். கிருபாகரன் ஏதோ சாமான் வாங்கக் காஞ்சிபுரம் போயிருந்தார். "ஒங்க மாமா வந்தா ஒக்கார வெய்யி, மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்" என்று சொல்லியிருந்தார். நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தேன். மாமா வரவில்லை. அவர் பக்கத்து வீட்டுக்காரர்தான் சைக்கிளில் வேர்க்க வேர்க்க வந்து இறங்கினார்.

"தணிகாசலம், ஒங்க மாமா பூட்டாருப்பா."

குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார். நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே அங்கிருந்த கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறார். பஸ் வந்து நின்றபோது கண்டக்டர் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. கையில் மறுபடி அந்தக் கனமில்லாத கனம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஒங்க அத்த ஒண்ணு சொல்லி அனுப்பிச்சிது" என்றார் அவர். "அந்தப் பல்ல எட்டாந்து மாட்டணுமாம். புள்ளைக்கு இன்னும் சேதி தெரியாது, ரயில்ல வந்துக்கினு கீறான். வந்து பாக்கறப்ப அப்பன் மொகம் மொகமா இருக்கணுமாம். நீ டாக்டருதானே, ஒனக்குத் தெரியுமாம்."

அலமாரியைத் திறந்தேன். இரண்டு பீங்கான் கிண்ணம். இரண்டிலும் தண்ணீர். இரண்டிலும் ஒவ்வொரு செட் சிரித்துக்கொண்டிருந்தது. ஒன்றில் முன்பல் இரண்டுக்கும் நடுவே சின்னதாக ஒரு சந்து இருந்தது, இன்னொன்றில் இல்லை. எது யாருடையது என்று எந்தக் கிண்ணத்திலும் எழுதவில்லை. கிருபாகரன் வாய்களையெல்லாம் மனசில் வைத்திருப்பவர். அந்த மனசு காஞ்சிபுரத்தில் இருந்தது.

புத்தியுள்ளவன் இரண்டையும் எடுத்துக்கொண்டு போயிருப்பான். நான் பக்தியுள்ளவன். எங்கள் வீட்டில் பெண் பார்க்கவும், மாடு வாங்கவும், கிணறு வெட்டவும் பூ கட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். சுவரில் முருகன் படம் இருந்தது. காலையில் நான் சாத்திய அரளியும் நந்தியாவட்டையும் இருந்தன. சிவப்பு வந்தால் சந்து உள்ளது, வெள்ளை வந்தால் சந்து இல்லாதது என்று மனசில் நிறுத்தி, இரண்டு பூவையும் ஒரே மாதிரிக் காகிதத்தில் மடித்து, குலுக்கிப் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். சிவப்பு.

முருகனே சொன்ன பிறகு எனக்கு என்ன சந்தேகம். சந்து வைத்த செட்டை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு, சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

மாமாவை வாசல் பந்தலில் நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டியிருந்தார்கள். நெற்றி நிறைய விபூதி, அதன்மேல் ஒரு காசு. தாடையைச் சேர்த்துத் தலையோடு வெள்ளைத்துணிக் கட்டு. அத்தை அழுது முடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா கண்ணு. மாட்டு" என்றாள், விளக்குக்குத் திரி போடச் சொல்வது போல.

கட்டை அவிழ்த்தேன். தாடை இறுகிப்போயிருந்தது. மாமாவின் மகள் வேதவல்லி வெந்நீரும் துணியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். ஒத்தடம் கொடுத்தேன். கரண்டிக் காம்பை விட்டு நெம்பினேன். பழக்க தோஷத்தில் அந்த வார்த்தை வாயில் வந்துவிட்டது.

"மாமா, கொஞ்சம் ஆ காட்டுங்க."

வேதவல்லி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் அழுது வீங்கிய கண்ணில் அந்த நேரத்தில் என்ன தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியாது.

எப்படியோ உள்ளே போயிற்று. போன பிறகுதான் விபரீதம் தெரிந்தது. செட் பெரியது. மேல் உதடு மேலேயும் கீழ் உதடு கீழேயும் போய் நின்றுவிட்டன. தாடைக்கட்டை இறுக்க இறுக்கச் சிரிப்பு அகலமாயிற்று. வாழ்நாளில் வாயைத் திறந்து சிரிக்காத மனிதர், சந்துப் பல் தெரியக் காதுவரை சிரித்துக்கொண்டிருந்தார். மார் அடித்து அழ வந்த பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். பறையடிக்கிறவர்களுக்குத் தாளம் தவறியது.

"எமன்கிட்ட இன்னாத்தக் கண்டாரோ, இப்பிடி சிரிச்சிக்கினு கீறாரு" என்றாள் ஒருத்தி.

"நீ வர்றத பாத்துட்டுத்தான்" என்றாள் இன்னொருத்தி.

அத்தை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தாள். "கன்னம் ரொம்பிடுச்சி" என்றாள். "போதும்."

அப்போதுதான் மில்லுக்காரர் வந்தார். உத்திரமேரூரில் ரைஸ் மில் வைத்திருந்தவர். மாமா நெல் அரைப்பது அவரிடம்தான். பெரிய உடம்பு, பெரிய தாடை, அதில் ஒரு பல் கிடையாது. அதனால் எங்கே போனாலும் துண்டால் வாயை மூடிக்கொண்டிருப்பார். மாலையை இரண்டு கையாலும் தூக்கிக் குனிந்தவர் அப்படியே நின்றார். மாலை அந்தரத்தில் நின்றது. மாமாவின் வாயையே பார்த்தார். பிறகு மாலையைப் போட்டுவிட்டு, என் சட்டையைப் பிடித்து வைக்கோல்போருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"யார் பல்லுடா அது?"

"மாமாவோடதுங்க."

"ஒங்க மாமனுக்கு எந்தக் காலத்துலடா சந்துப் பல்லு? அது என்னுதுடா. பொறந்த பல்லுலயே எனக்கு சந்து. ஒரே ஒரு மெஷினோட ஆரம்பிச்சேன், மில்லு வந்திச்சி, நெலம் வந்திச்சி, எல்லாம் அந்த சந்துலதான் வந்திச்சி. பல்லு கொட்டுனதுலேர்ந்து மில்லுல பெல்ட்டு அறுந்துக்கினே கீது. அதுக்குத்தான் சொல்லிச் சொல்லி சந்து வெக்கச் சொன்னேன். வெள்ளிக்கெழம என் பொண்ணுக்குக் கல்யாணம். இன்னா பேஜார்டா இது."

(இதில் பாதிதான் வார்த்தை. மீதி காற்று.)

"அது பொணத்து வாயில இருந்துதுங்களே. எடுத்தா மறுபடி போட்டுப்பீங்களா?"

"சாம்பல்ல தேச்சி, கோமியத்துல ஊற வெச்சி, அப்பறம் பாத்துக்கலாம். என் சந்து எரியக் கூடாது. போய்க் கழட்டு."

போனேன். மாமாவின் தாடையில் கை வைத்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே வந்த மில்லுக்காரர் விஷயத்தை மெல்லிய குரலில் சொன்னார். அத்தை அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"தப்பா பூடுச்சி மொதலாளி. ஆனா ஒங்களுக்கு நாளைக்கும் வாயி கீது. இவருக்கு இன்னிக்கு ஒரு நாளுதான் மொகம் கீது. எம்புள்ள வந்து பாத்துடட்டும். அப்பறம் எடுத்துக்கினு போங்க."

மில்லுக்காரர் எதிரே ஒரு பெஞ்சைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மத்தியானம் முழுக்கத் தன் பல்லைக் காவல் காத்தார். மாமாவின் வாயில் ஈ உட்கார்ந்தால் அவருக்கு உதடு துடித்தது. அவ்வப்போது துண்டால் விசிறிவிட்டார். விவரம் தெரியாதவர்கள், "மொதலாளிக்கு இன்னா பாசம் பாரு" என்று உருகினார்கள். நான் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு, பசியும் பயமுமாக, திருத்தணியில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன்.

சாயங்கால பஸ்ஸில் முருகேசன் வந்தான். ரோட்டிலிருந்தே பறைச் சத்தம் கேட்டிருக்கவேண்டும். டிரங்குப் பெட்டியை எங்கே போட்டான் என்று தெரியவில்லை, கையில் ஒரு காகிதப் பொட்டலம் மட்டும் இருந்தது. கூட்டம் விலகியது. நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். 'இது எங்க நைனா பல்லு இல்லையே' என்று அவன் கேட்கப்போகிறான் என்று காத்திருந்தேன். அவனுக்கு எப்படித் தெரியும்? என்னைப் போலவே அவனும் அப்பனைப் பல்லோடு பார்த்ததில்லை.

"பல்லு கட்டிக்கினியா நைனா" என்றான். உப்பியிருந்த கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். "நல்லா கீது நைனா. நல்லாத்தான் கீது."

பிறகு அவன் காலடியில் உட்கார்ந்து பொட்டலத்தை அவிழ்த்தான். கடலை மிட்டாய். ரயிலில் வாங்கியிருக்கிறான்.

அந்தப் பந்தலில் அழாத ஆள் இல்லை. மில்லுக்காரர் துண்டை வாயிலிருந்து எடுத்துக் கண்ணுக்கு மாற்றிக்கொண்டார்.

சுடுகாட்டுக்குப் பெண்கள் வரமாட்டார்கள். அத்தை சொன்ன தவணை வீட்டு வாசலோடு முடிந்தது. சுடுகாட்டில் வாய்க்கரிசி போட மாமாவின் முகத்தைத் திறந்தார்கள். மில்லுக்காரர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். எல்லோரும் அரிசி போட்டு நகர்ந்த பிறகு நான் குனிந்து, அரிசிக்குள்ளே விரலை விட்டு, செட்டைப் பிடித்தேன். கரண்டி இல்லை, வெந்நீர் இல்லை. இழுத்தேன். வரவில்லை. காலை மண்ணில் ஊன்றிக்கொண்டு இழுத்தேன். தலை என்னோடு எழுந்து வந்தது. பாடையே ஆடியது.

"இன்னா பண்ற மச்சான்?"

முருகேசன், மொட்டைத் தலையும் தோளில் கொள்ளிக்குடமுமாக எனக்குப் பின்னால் நின்றான்.

என் இரண்டு விரல் அவன் அப்பன் வாயில். இந்த நிலையில் ஒருவன் என்ன சொல்ல முடியும் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

மில்லுக்காரர்தான் முன்னால் வந்தார். என் கையைப் பிடித்து மெதுவாக வெளியே எடுத்தார்.

"ஒண்ணும் இல்லப்பா. பல்லு சரியா ஒக்காந்துக்கிதான்னு பாக்கறான். டாக்டருக்கு அடுத்தது அவன்தான் இல்ல" என்றார். பிறகு மாமாவின் வாயை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரியாத்தான் கீது. மூடுங்க" என்று சொல்லித் திரும்பி நடந்தார். தீ மூட்டும்வரை அவர் திரும்பவே இல்லை. அவருடைய மில், நிலம் எல்லாவற்றையும் கொண்டுவந்த சந்து, எங்கள் மாமாவோடு எரிந்தது.

மறுநாள் கிருபாகரன் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இத்தினி வருசத்துல என் கைல ஒரு சாவு கெடையாது" என்றார். "நீ சாவு எங்க கீதுன்னு தேடிக்கினு போய் வைத்தியம் பாத்துட்டு வந்துகீற. போப்பா. வேற வேல பாரு." அந்தப் பல் போர்டு என் முதுகுக்குப் பின்னாலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

ஆனால் வெள்ளிக்கிழமை கல்யாணம் இருக்கிறதே. புதிதாகக் கட்ட நேரமில்லை. இன்னொரு கிண்ணத்தில் மாமாவின் செட் அப்படியே கிடந்தது. கிருபாகரன் அதன் உள்பக்கத்தைத் தேய்த்து, சுற்றிலும் கொஞ்சம் கூட்டி, மில்லுக்காரர் வாயில் பொருத்திவிட்டார். பெரிய தாடையில் சின்னப் பல். வாயை அகலத் திறந்தால் கழன்றுவிடும். ஆகவே அன்றிலிருந்து மில்லுக்காரரால் கத்த முடியவில்லை. மில்லில் வேலை செய்தவர்கள் எங்கள் மாமாவின் ஆத்மாவை வாழ்த்தியதாகக் கேள்வி.

பதினாறாம் நாள் கருமாதிக்கு மில்லுக்காரர் வந்தார். இலையில் உட்காரவில்லை. அத்தைக்கும் முருகேசனுக்கும் முன்னால் நின்று, துண்டை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். எரிந்தது தன் பல், தன் வாயில் இருப்பதுதான் மாமாவின் பல், வேண்டுமென்றால் இப்போதே கழற்றிக் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

முருகேசன் அவர் வாயைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் தூணுக்குப் பின்னால் போகலாமா என்று பார்த்தேன். தூண் ஒல்லி. அவன் எழுந்து உள்ளே போனான். வெளியே வந்தபோது கையில் அந்தக் கடலை மிட்டாய்ப் பொட்டலம் இருந்தது.

"ஒண்ணு கடிங்க மொதலாளி."

மில்லுக்காரர் தயங்கி வாங்கி, ஓரத்தில் வைத்துக் கடித்தார். 'கடக்' என்று ஒரு சத்தம். வீடே கேட்டது. முருகேசன் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணு" என்றான்.

அவர் பொட்டலம் முழுக்கத் தின்று முடித்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் மாமாவின் திவசத்துக்கு மில்லுக்காரரைக் கூப்பிட ஆள் போகும். அவர் வந்து உட்கார்ந்து, சோற்றுக்கு முன்னால் கடலை மிட்டாயைக் கடிப்பார். அத்தை எதிரே உட்கார்ந்து, "அவருக்கு நல்லா மெல்ல வருதா?" என்று கேட்பாள். அவரும், "நல்லா வருதும்மா" என்பார். அவர் காலமானபோது அத்தை எங்கள் எல்லோரையும் தலை முழுகச் சொன்னாள். சொந்தமில்லை, சாதிசனமில்லை, நமக்கு எப்படித் தீட்டு என்று கேட்டதற்கு, "பல்லுப் பங்காளிடா" என்றாள். இன்றைக்கும் அந்த வீட்டிலிருந்து பத்திரிகை வந்தால் எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்லுவோம்.

முருகன்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. மாமாவின் பல் எது என்று நான் கேட்டேன். மாமாவோடு போகவேண்டிய பல் எது என்று அவர் சொல்லிவிட்டார். திருத்தணிக்குப் போய் மொட்டையும் போட்டுக்கொண்டேன். திரும்பி வந்து ஒரு உரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். வேதவல்லியை அத்தை எனக்கே கொடுத்தாள், "இனிமே எவன் வாயிலயும் கைய வெக்காத" என்ற ஒரே ஒரு கண்டிஷனில். அதை இதுவரை மீறவில்லை. என் பிள்ளைகளுக்குக்கூட நான் சோறு ஊட்டியதில்லை.

அன்று அடுப்பங்கரையில் சிரித்து ஓய்ந்த பிறகு வேதவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"படி கண்ணு, நல்ல தொழிலுதான்" என்றாள். "எதுனா சந்தேகம்னா ஒங்க தாத்தாவக் கேளு. அவரு பாத்தது ஒரே ஒரு பேஷண்ட்டு. எங்க நைனா. கடைசி வரிக்கும் வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல."